டைனாகோ ஸ்டீரியோ 70: பயாஸ் 1.56 வோல்ட் சரியாக நிற்கிறது, ஆனாலும் ஒரு வால்வு பழுக்கிறது

#1 எடிசன்_கேட்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். டைனாகோ ஸ்டீரியோ 70 என்ற பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 60-களில் ஒரு பெரியவர் கிட்டாக வாங்கித் தன் கையாலேயே சேர்த்த ஆம்ப். அவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அசல். நான்கு இஎல்34 அவுட்புட் வால்வு மட்டும் புதிது, ஜோடி பார்த்து விற்றவை.

கையேட்டில் சொன்னபடி முன்பக்கத்து எண்முனை சாக்கெட்டில் மீட்டரை வைத்து, இரண்டு பக்கமும் 1.56 வோல்ட் வரும்படி பயாஸை (பாட்டு இல்லாதபோது வால்வு இழுக்கும் கரண்டை நிர்ணயிக்கும் அளவு) திருப்பினேன். வலது பக்கம் அருமையாக இருக்கிறது. இடது பக்கத்தில் பின்னால் இருக்கும் வால்வு மட்டும், போட்டு அரை மணி நேரம் ஆனதும் பிளேட்டின் (வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடு) ஓரத்தில் மங்கலாகச் சிவக்க ஆரம்பிக்கிறது. விளக்கை அணைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. மீட்டரோ அப்போதும் 1.6-க்குப் பக்கத்தில்தான் காட்டுகிறது.

அளவு சரியாக இருக்கும்போது வால்வு ஏன் சிவக்க வேண்டும்? பயாஸைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதுமா, இல்லை அந்த வால்வையே மாற்ற வேண்டுமா?

#2 கோவை_மைக்செட்

தம்பி, முதல் வேலை, சிவப்பு தெரிந்த அந்த நொடியே ஸ்விட்சை அணையுங்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று விடாதீர்கள். வால்வு போனால் வேறு வாங்கலாம். அசல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே சரக்கு கிடைப்பது கஷ்டம்.

இப்போது அந்த 1.56 எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். ஸ்டீரியோ 70-இல் ஒரு சேனலுக்கு இரண்டு இஎல்34. இரண்டின் கதோடையும் (வால்வின் கரண்ட் வெளியேறும் முனை) ஒன்றாகக் கட்டி, ஒரே ஒரு 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். 1.56-ஐ 15.6-ஆல் வகுத்தால் 0.1 ஆம்பியர், அதாவது 100 மில்லி ஆம்பியர். அது இரண்டு வால்வும் சேர்ந்து இழுப்பது. ஆளுக்கு 50 என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம், மீட்டர் அப்படிச் சொல்லவில்லை. ஒன்று 70 இழுத்து மற்றது 30 இழுத்தாலும் அதே 1.56தான் வரும்.

உங்கள் ஆம்பில் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். இந்தச் சுற்றில் ஒரு சேனலுக்கு பயாஸைத் திருப்பும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) ஒன்றுதான். அதைத் திருப்பினால் இரண்டு வால்வும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். குறைத்து வைத்தால் சிவப்பு மறையலாம், கோளாறு அப்படியே இருக்கும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மெயின்ஸ் எவ்வளவு? பிளேட்டில், அதாவது 3-ஆம் முனையில், எச்.டி. (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) எவ்வளவு? டிரைவர் போர்டில் இருக்கும், பாட்டை இஎல்34-க்குக் கொண்டுபோகும் கப்ளிங் கண்டன்சர்கள் பழசா புதுசா?

#3 பழைய_இசைத்தட்டு

நண்பர் 1.56-ஐக் குறைக்கலாமா என்று கேட்கிறார், அதனால் இதைச் சொல்கிறேன். அந்த எண்ணை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். டைனாகோவை நிறுவியவர்களில் ஒருவரான டேவிட் ஹாஃப்ளர் சாதாரண ஆள் இல்லை. அல்ட்ராலீனியர் என்ற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பைப் பற்றி 1951-இலேயே ஹெர்பர்ட் கெரோஸுடன் சேர்ந்து எழுதியவர். 1959-இல் இந்த ஆம்ப் வந்தபோது, சேனலுக்கு 35 வாட் இந்த விலையில் கிடைக்குமா என்று வாங்கினார்கள். அவர் 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் காரணத்தோடுதான் வைத்திருப்பார். கரண்டைக் குறைத்தால் ஒரு வால்விலிருந்து இன்னொன்றுக்கு அலை கைமாறும் இடத்தில் ஒரு நெருடல் வரும். சத்தமாக வைத்தால் தெரியாது. இரவில் மெல்லிய ஒலியில் வயலின் கேட்கும்போது தெரியும்.

என்னுடையது பல வருடங்களாக 1.56-இல்தான் ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை.

#4 எடிசன்_கேட்பாளர்

அண்ணா, கேட்டதை அளந்துவிட்டேன். மெயின்ஸ் 123 வோல்ட், மாலையில் சில சமயம் 124. பிளேட்டில் 438. கப்ளிங் கண்டன்சர் நான்கும் அசல்தான், மேலே மெழுகு போல ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. பயாஸ் சப்ளையில் அடுக்கடுக்காகத் தகடு வைத்த ஒரு சின்னப் பொருள் இருக்கிறது, அது செலினியம் ரெக்டிஃபையரா (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பழைய பாகம்)?

#5 ரொறன்ரோ_முல்லை

ஓம், அது செலினியம்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் 438-ஐயும் #3-இல் எழுதியவரின் வாதத்தையும் சேர்த்துப் பார்ப்போம்.

இந்த ஆம்ப் வந்த காலத்தில் அமெரிக்க வீடுகளுக்கு 117 வோல்ற் என்று வைத்துத்தான் வடிவமைத்தார்கள். எச்.டி. 415 அளவில் இருக்கும். 415-ஐ 50 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 20.75 வாற். இஎல்34-இன் பிளேட் தாங்கக்கூடியது 25 வாற். அப்போதே 83 வீதத்தில் ஓட்டியிருக்கிறார்கள். துணிச்சலான அளவுதான், ஆனால் எல்லைக்குள் இருக்கிறது. முல்லார்ட் இஎல்34 புதிதாகவே கடையில் கிடைத்த காலம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் 123. எல்லா வோல்ற்றேஜும் ஐந்து வீதம் மேலே போகிறது. அதே 50-ஐ வைத்தால் 438-இல் 21.9 வாற். கதோடில் அளப்பதில் ஸ்கிரீன் (வால்வுக்குள் இருக்கும் இன்னொரு கிரிட்) கரண்டும் சேர்ந்திருக்கிறது, ஆளுக்கு ஐந்து மில்லி ஆம்பியர் அளவில் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகும் கிட்டத்தட்ட 20 வாற். இது இரண்டு ரியூப்பும் (வால்வும்) சமமாக இழுத்தால் மட்டும். ஒன்று 65-ஐத் தாண்டினால் 25 வாற்றைக் கடந்துவிடும், பிளேட் சிவக்கும். உங்கள் மீற்றர் இதைக் காட்டவே காட்டாது.

1.56 எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புது ரோர்ச் பற்றறி ஒன்றை அளந்தால் 1.56 வோல்ற் அளவில் காட்டும். கிற் வாங்கிச் சேர்த்தவர்களின் வீட்டில் இருந்தது மலிவான முள் மீற்றர்கள். அதை நம்பலாமா என்று தெரியாதவர், ஒரு புதுப் பற்றறியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அதே இடத்துக்கு பயாஸைக் கொண்டுவந்தால் போதும். 15.6 ஓம் என்ற விசித்திரமான ரெசிஸ்ரர் அதற்காகத்தான். மிக அழகான யோசனை, நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் அந்த எண் அன்றைய மெயின்ஸுக்கும் அன்றைய ரியூப்புக்கும் அன்றைய மீற்றருக்கும் பொருத்தி வைத்தது. இன்று நம் கையில் டிஜிற்றல் மீற்றர் இருக்கிறது, ஒவ்வொரு ரியூப்பையும் தனித்தனியே அளக்கலாம். அப்படி அளப்பதுதான் ஹாஃப்ளர் செய்த வேலைக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

#6 சிங்கை_வேலன்

தனித்தனியே எப்படி அளப்பது? எனக்கும் இதே ஆம்ப் இருக்கிறது. அடித்தகட்டைத் திறக்காமல் செய்ய வழி உண்டா?

#7 கோவை_மைக்செட்

திறக்காமல் செய்ய வேண்டுமென்றால், சாக்கெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே செருகுகிற பயாஸ் புரோப் விற்கிறது, அதை வாங்கலாம். ஆனால் ஒருமுறை திறந்து வேலையை முடித்துவிட்டால் ஆயுசுக்கும் போதும்.

15.6 ஓமைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வால்வின் கதோடுக்கும் தனியாக ஒரு 10 ஓம், ஒரு சதவீத ரெசிஸ்டர் போடுங்கள். ஒரு முனை சாக்கெட்டின் 8-இல், மறுமுனை எர்த்தில். 8-உம் 1-உம் ஏற்கெனவே ஒன்றாகச் சேர்ந்திருக்கும், அதைப் பிரிக்க வேண்டாம். 10 ஓம் ஆனதால் கணக்கு சுலபம்: 0.40 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். மாற்றி முடித்ததும் பயாஸ் பாட்டை அதிக நெகட்டிவ் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். பழைய இடத்திலேயே விட்டால் புது ரெசிஸ்டருக்கு அந்த அளவு பொருந்தாது, எடுத்த எடுப்பில் கரண்ட் கூடுதலாக ஓடும்.

திறக்கும் முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நானூறு வோல்ட் நின்றுகொண்டிருக்கும். கண்டன்சர் டப்பாவின் ஒவ்வொரு பகுதியையும் ரெசிஸ்டர் வைத்து வடியவிட்டு, மீட்டரில் சுழியத்துக்குப் பக்கம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கை வையுங்கள். திருப்புளியால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். ஓடும்போது அளக்க நேர்ந்தால் கருப்பு வயரைக் குரோகடைல் கிளிப் போட்டு சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரே கையால் அளங்கள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். மைக் செட் வேலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே இதைத்தான் சொன்னார். திருவிழாவுக்கு விடிய விடிய ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபையர்களை அவர் கையால்தான் பார்ப்பார், ஒருநாளும் இரண்டு கையை உள்ளே விட்டதில்லை.

ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதீர்கள். ஸ்பீக்கரோ, 8 ஓம் பெரிய வாட் ரெசிஸ்டரோ மாட்டியிருக்க வேண்டும். இன்புட்டை ஷார்ட் செய்து வையுங்கள்.

#8 எடிசன்_கேட்பாளர்

சனிக்கிழமை முழுக்க இதிலேயே உட்கார்ந்தேன். 10 ஓம் நான்கும் போட்டாயிற்று. ஜோடிக்கு 100 வரும்படி வைத்துச் சூடானதும் அளந்தது இது: வலது பக்கம் 52, 48. இடது பக்கம் முன்னால் 31, பின்னால் 69! உடனே அணைத்துவிட்டேன். அண்ணா சொன்னது அப்படியே வந்திருக்கிறது.

இது மோசமான வால்வுதானே? விற்ற கடைக்கு எழுதலாமா?

#9 ரொறன்ரோ_முல்லை

கொஞ்சம் பொறுங்கள், கடைக்கு இப்போது எழுத வேண்டாம். 69-ஐ 438-ஆல் பெருக்கி ஸ்கிரீன் பங்கைக் கழித்தால் 27 வாற். சிவந்ததன் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் குற்றவாளி ரியூப்பா சுற்றா என்று இன்னும் தெரியாது. அதைப் பிரிக்க எளிய வழி: இடது பக்க இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போடுங்கள். 69 முன்னால் வந்துவிட்டால் ரியூப்தான். பின் சாக்கெட்டிலேயே நின்றால் ரியூப் பாவம், சுற்றில் கோளாறு. சூடாகும் வரை காத்திருக்க மறக்காதீர்கள், உங்கள் ஆம்ப் ஆறிய நிலையில் நல்ல பிள்ளையாக இருக்கிறது.

#10 எடிசன்_கேட்பாளர்

மாற்றிப் போட்டேன். பின் சாக்கெட்டில்தான் நிற்கிறது, 66. முன்னால் 34.

#11 கோவை_மைக்செட்

நினைத்தேன். கப்ளிங் கண்டன்சர் கசிகிறது.

நடப்பதைச் சொல்கிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் உதவும். இஎல்34-இன் கிரிட்டில், 5-ஆம் முனையில், முப்பத்தைந்து வோல்ட் அளவில் நெகட்டிவ் கொடுத்து வைத்திருக்கிறோம். அதுதான் பயாஸ். எவ்வளவு நெகட்டிவோ அவ்வளவு கரண்ட் அடங்கும். அதே கிரிட்டுக்கு டிரைவர் வால்வான 7199-இலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாகப் பாட்டு வருகிறது. கண்டன்சரின் அந்தப் பக்கம் பெரிய பாசிட்டிவ் வோல்டேஜ். நல்ல கண்டன்சர் பாட்டை மட்டும் விடும், டி.சி.யைத் தடுத்துவிடும். வயதான கண்டன்சர், வாய்க்கால் மடையில் சின்ன ஓட்டை விழுந்தது போல, கொஞ்சம் கொஞ்சமாக டி.சி.யைக் கசியவிடும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். கிரிட்டின் நெகட்டிவ் குறையும், வால்வு கூடுதலாக இழுக்கும், இன்னும் சூடாகும். அரை மணி நேரம் கழித்துச் சிவப்பது இதனால்தான்.

உறுதி செய்ய வழி: ஆம்ப் சூடானதும் அணைத்து, இடது பக்க இரண்டு இஎல்34-ஐ மட்டும் கழற்றிவிட்டு மறுபடி போட்டு, இரண்டு சாக்கெட்டிலும் 5-ஆம் முனையை அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு வால்வையும் ஒரே நேரத்தில் கழற்றி ஓட்டாதீர்கள். இழுக்க ஆள் இல்லாமல் எச்.டி. தாறுமாறாக ஏறி, அந்தப் பழைய கண்டன்சர் டப்பாவைப் பதம் பார்த்துவிடும். வலது பக்க ஜோடி இருக்கட்டும்.

#12 எடிசன்_கேட்பாளர்

முன் சாக்கெட் மைனஸ் 35.8. பின் சாக்கெட் மைனஸ் 30.9. அணைத்து, வடியவிட்டு, பின் சாக்கெட்டுக்குப் போகும் கண்டன்சரின் ஒரு காலை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி அளந்தேன். மைனஸ் 35.8! ஐந்து வோல்ட் அங்கேதான் போயிருக்கிறது.

#13 ரொறன்ரோ_முல்லை

அருமை. இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. கிரிட் ரெசிஸ்ரர் 270 கிலோ ஓம். ஐந்து வோல்ற்றை அதனால் வகுத்தால் கசிவு 18 மைக்ரோ ஆம்பியர்தான். இவ்வளவு சின்னக் கசிவுக்கு ஒரு ரியூப்பின் கரண்ட் இரண்டு மடங்காகிறது! பின் சாக்கெட்டின் கண்டன்சர் பேஸ் ஸ்பிளிற்றரின் (ஒலி அலையை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் பகுதி) பிளேட் பக்கத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். கதோட் பக்கத்தைவிட அங்கே வோல்ற்றேஜ் மிக அதிகம், அதனால் முதலில் போவது பெரும்பாலும் அதுதான்.

நான்கையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் அல்ல. 0.1 மைக்ரோ, 630 வோல்ற் பொலிபுரொப்பிலீன் போதும். விலை கூடியது தேவையில்லை.

இப்போது செலினியம். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இந்த ஆம்பில் எனக்கு மிகப் பயமான பாகம் அதுதான். வயதாக ஆக அதன் வழியாக வரும் வோல்ற்றேஜ் குறையும், பயாஸ் குறையும், நான்கு ரியூப்பும் சேர்ந்து சிவக்கும். எரிந்தால் வரும் புகையும் நச்சு. அந்த இடத்தில் ஒரு 1என்4007 போடுங்கள். இது நெகட்டிவ் சப்ளை என்பதால் டயோட்டின் கோடு போட்ட பக்கம் டிரான்ஸ்போமர் பக்கமாக இருக்க வேண்டும். பயாஸ் சப்ளையின் இரண்டு எலெக்ரோலிற்றிக்கையும் மாற்றுங்கள், அவற்றின் பிளஸ் கால்தான் சேசிஸுக்கு வரும். பழக்கதோஷத்தில் மைனஸை எர்த்தில் வைத்துவிடக் கூடாது.

டயோட் போட்டதும் பயாஸ் வோல்ற்றேஜ் கொஞ்சம் ஏறும். பாட் ஒரு ஓரத்தில் போய் முட்டினால் இங்கே எழுதுங்கள், தொடர் ரெசிஸ்ரரின் மதிப்பைச் சரிசெய்யலாம்.

#14 லீக்_ரசிகர்_லண்டன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது லீக் ஸ்டீரியோ 20 என்ற வேறொரு வால்வு ஆம்ப். அதில் பயாஸ் பாட்டே இல்லையே, நான் என்ன அளப்பது?

#15 கோவை_மைக்செட்

அது இஎல்84, கதோடு ரெசிஸ்டரே பயாஸை உண்டாக்கிக்கொள்கிற வகை. திருப்ப ஒன்றும் இல்லை, அளக்க உண்டு. ஒவ்வொரு கதோடு ரெசிஸ்டரிலும் விழும் வோல்டேஜை அதன் ஓமால் வகுத்தால் கரண்ட். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ரெசிஸ்டரின் ஓமை அணைத்து வைத்து அளந்து எடுத்துக்கொள்ளுங்கள், மேலே எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். இஎல்84-க்கு எல்லை 12 வாட். ஒன்று மட்டும் தூக்கலாக இருந்தால் அங்கேயும் முதல் சந்தேகம் கப்ளிங் கண்டன்சர்தான். தனி இழை போடுங்கள், விவரமாகப் பார்க்கலாம்.

#16 பழைய_இசைத்தட்டு

இந்த இழையைப் படித்துவிட்டு என் ஆம்பின் பிளேட்டை அளந்தேன், 431. ஜோடிகள் சமமாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் 10 ஓம் போட்டுப் பார்க்கப் போகிறேன். எங்கே வைப்பது என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆளுக்கு 30-க்குப் பக்கம் இறக்கி, "வால்வு நீடிக்கும்" என்று ஓட்டுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பாட்டுக்காகத்தானே இதை வைத்திருக்கிறோம்.

#17 ரொறன்ரோ_முல்லை

30-க்கு இறக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை ஐயா, அதில் உங்கள் பக்கம்தான் நான். 40-க்கும் 45-க்கும் நடுவே என்பது என் கணக்கு. 440 வோல்ற்றில் 70 வீதம் என்றால் பிளேட்டுக்கு 40, ஸ்கிரீனையும் சேர்த்து கதோடில் 44. பழைய 15.6 ஓமை மாற்றாதவர்களுக்கு அது 1.37 வோல்ற். இந்தச் சுற்றில் 20 டெசிபல் பின்னூட்டம் இருக்கிறது, இவ்வளவு கரண்டில் நீங்கள் சொல்லும் நெருடல் என் காதுக்கு எட்டவில்லை. உங்கள் காதுக்கு எட்டினால் 48-இல் வையுங்கள், பிளேட் வாற்றைக் கணக்குப் பார்த்துவிட்டு. ரியூப் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அது நீங்கள் தெரிந்தே கொடுக்கும் விலை.

#18 எடிசன்_கேட்பாளர்

கப்ளிங் நான்கு, டயோட், பயாஸ் எலெக்ட்ரோலிட்டிக் எல்லாம் மாற்றியாயிற்று. முதல்முறை மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டிப் போட்டேன். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. பிறகுதான் நேரடியாகக் கொடுத்தேன்.

இடதைத் திருப்பினால் வலதில் கொஞ்சம் மாறுகிறது, எச்.டி. பொதுவானது என்பதால் என்று புரிந்தது. அங்கும் இங்கும் மாற்றி மாற்றித் திருப்பி நிறுத்தினேன். நன்றாகச் சூடான பிறகு: இடது 43, 41. வலது 44, 41. பிளேட்டில் 441. கணக்குப்படி ஆளுக்குப் பதினாறரை, பதினேழு வாட். பாட் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. விளக்கை அணைத்துப் பார்த்துவிட்டேன், எங்கும் சிவப்பு இல்லை. இடது பக்கத்தில் லேசாக இருந்த உறுமலும் போய்விட்டது! அது ஏன்?

#19 கோவை_மைக்செட்

புஷ்-புல்லில் (இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் அமைப்பு) இரண்டு வால்வும் சமமாக இழுத்தால் எச்.டி.யில் வரும் உறுமல் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துவிடும். 69-உம் 31-உம் இழுத்தபோது அடிபடாமல் மிச்சம் நின்றது. அது மட்டும் இல்லை, இரண்டு பாதியிலும் டி.சி. சமமில்லாமல் ஓடினால் இரும்பு ஒரு பக்கமாகக் காந்தமேறி, கீழ் சுருதி மெலியும். மிருதங்கத்தில் தொப்பிச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள், இடது பக்கம் முன்பைவிட அழுத்தமாக இருக்கும்.

வேலை சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. புது வால்வு ஆரம்பத்தில் கொஞ்சம் அலையும். பத்துப் பதினைந்து மணி நேரம் பாட்டு ஓடியதும் நான்கையும் மறுபடி அளந்து இங்கே போடுங்கள். ரெக்டிஃபையர் வால்வான ஜிஇசட்34-ஐக் கழற்றிவிட்டு டயோடு வைத்த மாற்று போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். எச்.டி. இன்னும் ஏறும், இவ்வளவு நேரம் பார்த்த கணக்கெல்லாம் மாறிவிடும்.

#20 எடிசன்_கேட்பாளர்

சரி அண்ணா, ஜிஇசட்34 அப்படியே இருக்கும். அளந்து எழுதுகிறேன். முல்லை அக்காவுக்கும் நன்றி. பழைய கண்டன்சர் டப்பாவை மாற்றுவது பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.